கிட் இல்லாத கார் மாடல்: எது சொதப்பினா எங்க போய்ப் பாக்கணும்

நான் எடுத்துக்கிட்ட வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அதுலயும் நாலு டோர். ஹெரால்டுங்கறது 1961-லேருந்து மெட்ராஸ்ல போட்ட வண்டி, இங்கிலாந்து ட்ரையம்ப் ஹெரால்டோட நம்ம ஊர்ப் பதிப்பு, வரைஞ்சவர் இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிக்கலாட்டி. எங்க பெரியப்பா ஒண்ணு வெச்சிருந்தார், அதோட பின் சீட்ல உக்காந்து வாந்தி எடுத்துட்டே திருத்தணி போன ஆள் நான், அதனால ஒரு பாசம். அந்த நாலு டோருக்கு 1:24-ல, அதாவது நிஜ வண்டியில 24-ல ஒரு பங்கு அளவுல, எங்க தேடியும் எனக்கு ஒரு கிட்டும் (பாகம் எல்லாம் ரெடியா பெட்டியில வர்றது) மாட்டல, சரி நாமளே செஞ்சிடலாம்னு இறங்கினேன், ரெண்டு பாடி குப்பைக்குப் போச்சு, மூணாவதுதான் இப்ப அலமாரியில நிக்குது. நீங்க அம்பாசடர் பண்ணாலும் பத்மினி பண்ணாலும் அளவுதான் மாறும், சொதப்பல் எல்லாம் இதேதான்.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன். பெயின்ட்ல தெரியற கோளாறு பாதிக்கு மேல பெயின்ட்ல பொறந்தது இல்ல. பெயின்ட்ல தெரிஞ்சா பட்டியைப் பாருங்க, பட்டியில தெரிஞ்சா மரக்கட்டையை, அதாவது பிளாஸ்டிக் ஷீட்டை மேல இழுத்து பாடி எடுக்கறதுக்காகச் செதுக்கற அச்சைப் பாருங்க, கட்டையில தெரிஞ்சா டிராயிங்கைப் பாருங்க. ஒரு படி பின்னாடி போகாம அங்கயே நின்னு தேய்ச்சிட்டிருந்தா தேய்ஞ்சிட்டே இருக்க வேண்டியதுதான்.

அளவு கணக்கு இதான்: 1:24-ன்னா நிஜ வண்டியோட ஒரு அடி நமக்கு அரை இன்ச். ஹெரால்டு வீல்பேஸ் (முன் வீல் நடுவுலேருந்து பின் வீல் நடு வரைக்கும்) 91.5 இன்ச், அதாவது 2324 மிமீ, மாடல்ல 96.8 மிமீ. நீளம் 3886 மிமீ, மாடல்ல 162. அகலம் 1524, நமக்கு 63.5. உயரம் 1321, நமக்கு 55. மாடல்ல ஒரு மில்லிமீட்டர் தப்பினா நிஜ வண்டியில கிட்டத்தட்ட ஒரு இன்ச் தப்பின மாதிரி, இதை மனசுல வெச்சுக்கிட்டுப் படிங்க.

பாக்க ஹெரால்டு மாதிரி இல்ல, ஆனா எது தப்புன்னு சொல்லத் தெரியல

இதான் எல்லாருக்கும் முதல்ல வர்ற வியாதி, என்னோட முதல் பாடி போனதும் இதுலதான். அளவு எல்லாம் வெர்னியர் வெச்சுப் பாத்தா சரியா இருக்கும், ஆனா மூக்கு ஏதோ புடைச்ச மாதிரி, பின்பக்கம் ஏதோ சூம்பின மாதிரி. காரணம் நூத்துக்குத் தொண்ணூறு போட்டோதான். நான் செஞ்சது என்னன்னா ஒரு வண்டி ஷோவுல நின்ன ஹெரால்டை ரெண்டு மீட்டர் தூரத்துல நின்னு போன்ல எடுத்து, அதை வீல்பேஸுக்கு ஜெராக்ஸ்ல சுருக்கி, அது மேலயே டிரேஸ் பண்ணி கட்டையை அறுத்தேன். கிட்ட நின்னு எடுத்தா நடுக் கதவு பெருசா விழும், மூக்கும் டிக்கியும் ஓரத்துல வளைஞ்சு போகும், அந்த வளைவை நான் மிக்கலாட்டி போட்ட வளைவுன்னு நெனச்சு பயபக்தியோட செதுக்கிட்டு இருந்திருக்கேன்.

போட்டோ நல்லதா இல்லையான்னு பாக்க ரெண்டு சோதனை இருக்கு. பக்கவாட்டு படத்துல வண்டிக்கு அடியில அந்தப் பக்கத்து டயர் எங்க தெரியுதுன்னு பாருங்க, இந்தப் பக்கத்து டயருக்குப் பின்னாடி மறைஞ்சிருந்தா நல்ல படம், தள்ளித் தள்ளித் தெரிஞ்சா கிட்ட நின்னு எடுத்த படம், தூக்கிப் போடுங்க. ரெண்டாவது, ஸ்கேலை ரெண்டு தடவை கண்டுபிடிங்க, ஒரு தடவை வீல்பேஸை வெச்சு, இன்னொரு தடவை மொத்த நீளத்தை வெச்சு. ரெண்டு விடையும் ஒத்து வரலன்னா படம் பொய் சொல்லுது. பதினைஞ்சு இருபது மீட்டர் தள்ளிப் போய் ஜூம் போட்டு, கேமராவை வண்டி இடுப்பு உயரத்துக்கு இறக்கி, ரெண்டு வீலுக்கும் நடுவுல நேரா நின்னு எடுங்க, அவ்வளவுதான்.

அந்தக் கால விளம்பரத் தாள்ல வர்ற படத்தை மட்டும் டிரேஸ் பண்ணிடாதீங்க. வண்டி நீளமா தாழ்வா தெரியணும்னு ஓவியர் தாராளமா இழுத்து வரைஞ்சிருப்பார், உள்ள உக்காந்திருக்கிற குடும்பம் எல்லாம் குள்ளமா இருக்கும் பாத்திருக்கீங்களா, அது அதுக்குத்தான்.

இன்னொரு குழி இந்த வண்டிக்கே உரியது. இங்கிலாந்துல ஹெரால்டு சலூன் ரெண்டு டோர்தான், நாலு டோர் நம்ம ஊர் வேலை. அதனால வெளிநாட்டு டிராயிங் கிடைச்சா மூக்குக்கும் முன் கண்ணாடிக்கும் எடுத்துக்கலாம், கதவுப் பகுதியை அப்படியே எடுத்தா நடுத்தூண் தப்பான இடத்துல வந்து நிக்கும். அந்த ஏரியாவுக்கு நிஜ வண்டியில டேப் புடிச்சே ஆகணும். ஓனர்கிட்ட கேட்டா பெரும்பாலும் சந்தோஷமா விடுவாங்க, காபியும் கிடைக்கும்.

வீல் மட்டும் பொம்மை வண்டி வீல் மாதிரி சின்னதா இருக்கு

13 இன்ச் வீல்னு படிச்சிட்டு 330-ஐ 24-ஆல வகுத்து 13.8 மிமீக்கு லேத்ல கடைஞ்சிருப்பீங்க. அங்கதான் தப்பு. 13 இன்ச்ங்கறது டயர் உள்ள உக்காருற இடத்தோட விட்டம், கண்ணுக்குத் தெரியற ரிம் உதடு அதைவிட ஒரு இன்ச்சுக்கு மேல பெருசு. மாடல்ல 15 மிமீ பக்கம் வரும். டயரோட வெளி விட்டம் 5.20-13 சைஸுக்கு கிட்டத்தட்ட 24 மிமீ. இந்த சைஸுக்கு ஹார்டுவேர் கடை ஓ ரிங்கே போதும், ரெண்டு ஓ ரிங்கை ஒட்டி நடுவுல உப்புத்தாள் காட்டி தட்டையாக்குங்க. வேற கிட்லேருந்து வீல் உருவறதுன்னா அது 1:24-ஆ 1:25-ஆன்னு பாத்துக்கோங்க, அமெரிக்க கிட் நெறைய 1:25, ஆனா வீலுக்கு அந்த வித்தியாசம் அரை மில்லிதான், நான் கண்டுக்கறதில்ல.

இடது பக்கம் ஒரு கார், வலது பக்கம் வேற ஒரு கார்

எடுத்தவுடனே கண்ணுக்குத் தெரியாது, ஏன்னா நாலு மாசமா அதே மூஞ்சியைப் பாத்துட்டு இருக்கோம். போன்ல நேர் முன்னாடி ஒரு படம் எடுத்து, எடிட்ல போய் கண்ணாடி பிம்பமா திருப்பிப் பாருங்க, கோணல் மூஞ்சில அடிச்ச மாதிரி தெரியும்.

காரணம் ரெண்டு பக்கத்தையும் கண்ணால செதுக்கினது. கெட்டி அட்டையில பாதி உடம்புக்கு மட்டும் டெம்ப்ளேட் வெட்டி, மூக்குலேருந்து டிக்கி வரைக்கும் ஒரு ஏழெட்டு இடத்துக்கு, அதே அட்டையைத் திருப்பிப் போட்டு அடுத்த பக்கம் பாக்கணும். தனித்தனியா ரெண்டு அட்டை வெட்டினா அந்த ரெண்டு அட்டையே ஒண்ணுக்கொண்ணு சேராது. கட்டையில நடுக்கோடு ஒண்ணு கீறி வெச்சிட்டு அது கடைசி வரைக்கும் அழியாம பாத்துக்கோங்க, நான் அழிச்சிட்டேன், ரெண்டாவது பாடி அதுல போச்சு.

எங்க தெருவுல டிங்கரிங் பண்ற அண்ணன் ஒருத்தர் இருக்கார். மூணாவது பாடியை பிரைமர் அடிச்ச கையோட அவர்கிட்ட கொண்டுபோய்க் காட்டினேன், சும்மா பெருமைக்குத்தான். அவர் கண்ணை மூடிக்கிட்டார். பழைய வேட்டித் துணியை மூணு விரல்ல சுத்தி, மட்கார்டு மேல முன்னாடிலேருந்து பின்னாடி ஒரு தடவை, ரொம்ப மெதுவா இழுத்தார். "தம்பி, இங்க ஒரு மேடு, இங்க ஒரு பள்ளம், பென்சில் குடு"ன்னு ரெண்டு வட்டம் போட்டார். எனக்கு ஒண்ணும் தெரியல. அப்புறம் கருப்பு ஸ்ப்ரேயை தூரத்துல புடிச்சு மழைத்தூறல் மாதிரி லேசா தூவி, காஞ்சதும் மரத்துண்டுல உப்புத்தாள் சுத்தி நாலு இழு இழுத்தார், மேடு இருந்த இடம் உடனே வெளுத்துப் போச்சு, பள்ளத்துல கருப்பு அப்படியே நிக்குது, அவர் போட்ட வட்டத்துக்குள்ளயே. 16 சென்டிமீட்டர் வண்டியில! "கண்ணு ஏமாத்தும், கை ஏமாத்தாது, வெறுங்கையில தேய்க்காத, துணி போட்டுத் தேய்"ன்னார். அன்னிலேருந்து எந்த மாடலுக்கும் இந்த கருப்புத் தூவல் இல்லாம நான் கலர் போடறதில்ல. உப்புத்தாளை விரல்ல நேரா புடிச்சு தேய்ச்சா விரல் அகலத்துக்குப் பள்ளம் விழும், கட்டாயம் தட்டையான துண்டு ஒண்ணு வேணும்.

பிளாஸ்டிக் ஷீட் ஒட்டவே மாட்டேங்குது

அது ஸ்டைரீன் (மாடலுக்கு வேண்டிய பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்) இல்ல. கடைக்காரர் பிபி (பாலிப்ரொப்பிலீன்) ஷீட்டையோ PET (பாட்டில் பிளாஸ்டிக்) ஷீட்டையோ குடுத்திருப்பார். ஓரத்துல ஒரு துளி அசிட்டோன் வெச்சுப் பாருங்க, ஸ்டைரீனா இருந்தா இளகி விரல்ல ஒட்டும், பிபி ஒண்ணுமே தெரியாத மாதிரி இருக்கும். போர்டு எழுதற கடைகளுக்கு சரக்கு போடற இடத்துல ஹிப்ஸ் (HIPS, ஸ்டைரீன்லயே ஒரு வகை) ஷீட்னு கேளுங்க. ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு வேலை பாருங்க.

சூடு பண்ணி இழுத்தா மூலையில மடிப்பு விழுது, இல்லன்னா கட்டை உள்ளயே மாட்டிக்குது

மரக்கட்டையில பாடியைச் செதுக்கி, அது மேல இளகின ஷீட்டைப் போட்டு, அடியில வேக்குவம் கிளீனரால உறிஞ்சறதுதான் முறை. நாலு மூலையிலயும் சேலை மடிப்பு மாதிரி விழுந்தா கட்டை ரொம்ப உயரம் அல்லது ஷீட் ரொம்பச் சின்னது, ஃபிரேமை பெருசாக்கி கட்டைக்குச் சுத்தி இடம் விடுங்க. மடிப்பு இல்லாம கூர்மை மட்டும் வரலன்னா, ஹெட்லைட்டுக்கு மேல இருக்கிற அந்த இமை மாதிரி இடம் மழுங்கிப் போச்சுன்னா, காத்து போக வழி இல்ல, அந்தப் பள்ளத்துல ஒரு மில்லிமீட்டர் டிரில்லால அடிவரைக்கும் ஓட்டை போடுங்க.

கட்டை மாட்டிக்கிட்டா அதுக்கு ஒரே அர்த்தம், கீழ்ப்பக்கம் உள்ள சரியுது. கார்னாலே கதவுக்குக் கீழ உள்ள வாங்கும், ஹெரால்டும் அப்படித்தான். இதுக்கு கட்டையையே நீளவாக்குல மூணா அறுத்து, நடுவுல ஆப்பு மாதிரி ஒரு துண்டு வெச்சு, இழுத்தப்புறம் நடுத்துண்டை முதல்ல உருவிடணும், நம்ம கொழுக்கட்டை அச்சு ரெண்டா பிரியற மாதிரிதான் யோசனை. இன்னொண்ணு, ஷீட்டுக்கும் கனம் இருக்கு. ஒரு மில்லி ஷீட் போட்டா அகலம் ரெண்டு பக்கமும் சேத்து ஏறும், அதனால கட்டையை முன்கூட்டியே ஒல்லியா செதுக்கணும், பக்கச் சுவர்ல ஷீட் இழுபட்டு மெலியும்ங்கறதால நான் பக்கத்துக்கு 0.7 குறைச்சேன், சரியா வந்துச்சு. இழுத்து முடிச்சதும் வீல் ஆர்ச் ஓரத்தை உள்பக்கமா சீவி மெலிசாக்குங்க, இல்லன்னா நிஜ வண்டியில ஒரு இன்ச் தகடு போட்ட கவச வண்டி மாதிரி தெரியும்.

ரெசின் பொங்கி கேக் மாதிரி ஆயிடுச்சு

ஈரம். அச்சுல ஊத்திப் பாகம் எடுக்கற பாலியூரித்தேன் ரெசினுக்கு தண்ணியைக் கண்டா ஆகாது, காத்துல இருக்கிற ஈரமே போதும், நுரைச்சுக்கிட்டு எழும்பும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில ஊத்தாதீங்க. பாதி தீந்த பாட்டில் மூடியைத் திறந்து திறந்து மூடினதும் போச்சுன்னு வெச்சுக்கோங்க. கலக்கறதுக்கு ஐஸ்கிரீம் குச்சி வேண்டாம், மரமும் பேப்பர் கப்பும் ஈரத்தைக் குடிச்சு வெச்சிருக்கும், பிளாஸ்டிக் கப், பிளாஸ்டிக் ஸ்பூன். பொங்கல, ஆனா மேல பிசுபிசுன்னே இருக்குன்னா அளவு தப்பு, கண்ணளவுல ஊத்தாம பாட்டில்ல போட்டிருக்கறது எடைக்கணக்கா கனஅளவுக் கணக்கான்னு படிச்சிட்டு அதுபடி போங்க.

சிலிக்கான் அச்சே சில இடத்துல காயாம கொழகொழன்னு இருக்குன்னா அது வேற விஷயம். பிளாட்டினம் சிலிக்கானுக்கு கந்தகம் ஆகாது, சில மாடலிங் களிமண்ல கந்தகம் இருக்கும், அது பட்ட இடம் எத்தனை நாளானாலும் காயாது. அந்த அச்சைக் காப்பாத்த வழி கிடையாது, வழிச்சுப் போட்டுட்டு டின் (வெள்ளீயம்) வகை சிலிக்கான் வாங்குங்க, அது இவ்வளவு செல்லம் கொஞ்சாது.

கூரையைத் தாங்கற தூண் ஒடிஞ்சிட்டே இருக்கு

ஒரே துண்டா பாடி பண்ணா இது வந்தே தீரும், முன் கண்ணாடித் தூண் மாடல்ல ரெண்டு மில்லி கூட தேறாது. ரெண்டு தடவை ஒட்டி ரெண்டு தடவையும் ஒடிஞ்சப்புறம்தான் நிஜ ஹெரால்டை எப்படிக் கோர்த்திருக்காங்கன்னு யோசிச்சேன். அந்த வண்டிக்கு தனி சேஸி, அது மேல பாடி துண்டு துண்டா போல்ட் போட்டு ஏறும், கூரையே தனித் துண்டு, பானெட்டோட ரெண்டு முன் மட்கார்டும் சேந்து முன்பக்கமா கவுந்து திறக்கும். அப்புறம் நான் மட்டும் ஏன் ஒரே துண்டா பண்றேன்? மூணாவது பாடியை அதே மாதிரி பிரிச்சேன்: பானெட் தனி, நடுத்தொட்டி (ஆள் உக்காருற பகுதி) தனி, டிக்கிப் பக்கம் தனி, கூரை தனி. தூணுக்குள்ள 0.8 மிமீ பித்தளைக் கம்பியை விட்டு, கம்பி நுனி நடுத்தொட்டியில ஓட்டைக்குள்ள உக்காருற மாதிரி. இணைப்புக் கோடு விழற இடத்துல நிஜ வண்டியிலயும் கோடு இருக்கு, பட்டி போட்டு மறைக்கற வேலையும் மிச்சம். உங்க வண்டி அம்பாசடர் மாதிரி ஒரே கூடா வெல்டு பண்ணதுன்னா இந்த சௌகரியம் கிடைக்காது, கம்பி மட்டுமாவது விடுங்க.

பெயின்ட் அடிச்சு பத்து நாள் கழிச்சு பட்டி போட்ட இடம் தடம் தெரியுது

டியூப்ல வர்ற ஒத்தைப் பட்டி தின்னர் பறந்துதான் காயும், பறக்கப் பறக்க சுருங்கும், மேல தோல் காஞ்சாலும் உள்ள வாரக்கணக்குல சுருங்கிட்டே இருக்கும். கனமா போட வேண்டிய இடத்துக்கு ஹார்டனர் கலக்கற ரெண்டு பார்ட் பட்டி, கார் வொர்க்ஷாப்ல போடறதேதான், அதைப் போடுங்க, டியூப் பட்டி கீறலுக்கு மட்டும். சூப்பர் குளூவும் சமையல் சோடாவும் கலந்து அடைக்கறவங்களும் இருக்காங்க, நானும் பண்ணுவேன், நொடியில கல்லாகும், ஆனா அது ஸ்டைரீனைவிடக் கெட்டி, நேரம் கழிச்சுத் தேய்ச்சா அது நிக்கும் சுத்தி இருக்கிற பிளாஸ்டிக் தேஞ்சு பள்ளமாகும். போட்ட அரை மணிக்குள்ள தேய்ச்சிடணும்.

பெயின்ட் பால் ஊத்தின மாதிரி வெளுத்துப் போச்சு

மறுபடியும் ஈரம்தான். லாக்கர் தின்னர் வேகமா பறக்கறப்போ மேற்பரப்பு குளிருது, காத்துல இருக்கிற ஈரம் அதுல பனி மாதிரி படியுது. உரிக்க வேண்டாம், பதறாதீங்க. வெயில் நல்லா இருக்கிற நாள் பாத்து மெதுவா பறக்கற தின்னரை மட்டும் லேசா ஒரு கோட் விட்டா பெரும்பாலும் தெளிஞ்சிடும்.

பெயின்ட்டுக்கு அப்புறம் கதவுக் கோடு காணாமப் போச்சு

நிஜ வண்டியில கதவு இடைவெளி 5 மிமீன்னா நமக்கு 0.2 மிமீ, பிரைமரும் கலரும் வார்னிஷும் சேந்து அதை மூடிடும். கணக்கு பாக்காம 0.4-க்கு கீறுங்க, பிளேடோட முதுகால, கெட்டி டேப் ஒட்டி அதை ஓரமா வெச்சு, முதல் நாலஞ்சு இழுப்பு அழுத்தமே குடுக்காம. முதல் இழுப்பு வழுக்கினா அந்தத் தடத்துலயேதான் அடுத்ததும் போகும்.

கண்ணாடியில பனி படர்ந்திருக்கு

சூப்பர் குளூ ஆவி. அந்தக் கண்ணாடியை மாத்திடுங்க, புதுசை ஃபெவிக்கால்ல ஒட்டுங்க, காஞ்சா தெரியாது. வளைஞ்ச முன் கண்ணாடிக்கு ஒரு சுலப வழி சொல்றேன்: பெரிய ஜூஸ் பாட்டிலை பாதியா வெட்டி, கண்ணாடி வளைவுக்குச் செதுக்கின மரத்துண்டை உள்ள திணிச்சு, வெளிய ஹீட் கன் காட்டினா பாட்டில் சுருங்கி மரத்தைக் கவ்விக்கும். மரத்துல ரம்பத்தடம் இருந்தா அதையும் சேத்தே கவ்வும், அதனால மரத்தை வழவழன்னு ஆக்கிட்டு செய்யுங்க.

மூணு கால்ல நிக்குது, நாலாவது வீல் அந்தரத்துல

டேபிள்ல வெச்சுப் பாக்காதீங்க, டேபிளே கோணலா இருக்கும், கண்ணாடித் துண்டு மேல வெச்சுப் பாருங்க. அச்சுக்கம்பியை ஒட்டறதுக்கு முன்னாடி நாலு வீலையும் மாட்டி, கண்ணாடியில உக்கார வெச்சு, பாடி மேல ஒரு எலுமிச்சம்பழ எடை வெச்சு, அப்படியே ராத்திரி முழுக்க விடுங்க. ஒட்டினப்புறம் தெரிஞ்சா பாடியை வளைக்கப் போகாதீங்க, பின் அச்சோட ஒரு பக்கத்தை வெட்டி மறுபடி ஒட்டறதுதான் வேலை கம்மி.

நாலும் தரையில பட்டும் ஏதோ உயிர் இல்லாம நிக்குதேன்னு தோணினா பின் வீலைப் பாருங்க. ஹெரால்டுக்கு பின்னாடி ஸ்விங் ஆக்சில், ஜாக் போட்டுத் தூக்கினா ரெண்டு பின் வீலும் அடியில உள்ள மடங்கும், ஆள் ஏறி டிக்கியில சாமானும் வெச்சா மேல்பக்கம் உள்ள சாயும். நான் முதல்ல மூலைமட்டம் வெச்சு நிமிர்த்தி ஒட்டியிருந்தேன். அப்புறம் திருத்தணி போன வண்டியாச்சே, பின் சீட்ல நாங்க மூணு பேர், டிக்கியில புளியோதரைத் தூக்கு, ரெண்டு வீலையும் மேல கொஞ்சம் உள்ள சாய்ச்சு ஒட்டினேன்.